முன்பாரமும் பின்பாரமும்
சிறிய டிராக்டரின் லோடரைக் கையாளும் முறை

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் புதியவை அல்ல. மூட்டைகளை முன்னால் மிகுதியாக அடுக்கினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுதியாக அடுக்கினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிற்றை இறுக்கும். பாரத்தின் அளவு மட்டுமன்றி அது நிற்கும் இடமும் முக்கியம் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். எருவும் மணலும் அள்ளுவதற்காகச் சிறிய டிராக்டரின் முன்புறம் பூட்டப்படும் லோடருக்கும் இதுவே அடிப்படை விதியாகும். இவ்விதியை மறந்து வேலை செய்தால் யந்திரம் கெடுவதோடு, ஓட்டுபவரின் உயிருக்கும் அபாயம் நேரும்.

தூக்கும் சக்தி

லோடரின் இரு கைகளையும் உயர்த்துவது எண்ணெயின் அழுத்தமே. அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் கண்ட உண்மையை இது அடிப்படையாகக் கொண்டது. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய், 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையினுள் பாய்ந்தால், அதன் தண்டு ஏறக்குறைய 1,880 கிலோ விசையுடன் வெளியே தள்ளும். இரண்டு உருளைகளும் சேர்ந்தால் 3,760 கிலோ ஆகும்.

அங்ஙனமாயின் நான்காயிரம் கிலோவை நெருங்கும் பாரத்தைத் தூக்கலாம் என்று எண்ணுதல் தவறு. உருளைகள் கைகளின் அடிமூட்டுக்கு மிக அருகிலேயே தள்ளுகின்றன. பாரமோ கைகளின் நுனியில் இருக்கிறது. மூட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் தள்ளி, 2 மீட்டர் தூரத்தில் உள்ள பாரத்தை உயர்த்துவதாகக் கொண்டால், விசை பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே நுனியில் கிடைப்பது 376 கிலோவே. லோடர் கைகளின் எடையும் பக்கெட்டின் எடையும் இதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

கையேட்டில் காணும் எண்

யந்திரத்துடன் வரும் கையேட்டில் தூக்கும் திறன் பல எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். பக்கெட் மாட்டப்படும் இணைப்பு ஆணியின் இடத்தில் அளந்தது ஒன்று. அதற்கு முன்னால் 500 மில்லிமீட்டர் தள்ளி அளந்தது மற்றொன்று. பக்கெட்டில் நிறையும் பொருளின் நடுவிடம் ஆணிக்கு முன்னால்தான் இருக்கும். ஆதலின் இரண்டாவதாகச் சொன்ன சிறிய எண்ணையே நாம் கணக்கில் கொள்ள வேண்டும். முழு உயரத்தில் தூக்கும் திறனும் தாழ்ந்த நிலையில் தூக்கும் திறனும் வேறு வேறு. தரையில் பொருளைப் பெயர்த்தெடுக்கும் விசை என்று குறிக்கப்படும் பெரிய எண்ணோ, பாரத்தை மேலே ஏற்றுவதற்கு உரியதன்று.

இனி, பக்கெட் நிறைந்தால் எடை எவ்வளவு? 200 லிட்டர் கொள்ளளவுள்ள பக்கெட்டில் உமியை நிரப்பினால் 20 முதல் 30 கிலோ ஆகும். நன்கு மக்கி ஓரளவு உலர்ந்த எருவாயின் 100 முதல் 150 கிலோ. உலர்ந்த மணலாயின் 320 கிலோ. நனைந்த மணலாயின் 400 கிலோவை நெருங்கும். பக்கெட் ஒன்றுதான், அதன் பாரமோ பதின்மடங்குக்கு மேல் மாறுகிறது. நேற்று எரு அள்ளிய அளவிலேயே மழைக்குப்பின் மணலையும் அள்ளலாம் என்று கருதுவது அபாயகரமானது.

பக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கவை போன்ற இரு இரும்புக் கம்பிகளை மாட்டிப் பொதிகளைத் தூக்கும்போது பாரம் இன்னும் முன்னால் தள்ளிப் போகிறது. ஆலைகளிலிருந்து வரும் பருத்திப் பொதி ஒன்றின் எடை 170 கிலோ. ஒரு பொதியைத் தூக்கவல்ல லோடர் இரண்டையும் தூக்கும் என்று எண்ணலாகாது. பொதியைக் கயிற்றால் கட்டிச் சிறிது பின்சாய்த்துத் தாழ்வாகவே கொண்டு செல்ல வேண்டும்.

எடை மிகுந்தால் கைகள் எழும்ப மறுக்கும். எண்ணெய் அழுத்தம் வரம்பு கடவாமல் தணிக்கும் வால்வு செய்யும் உபகாரம் அது. அவ்வால்வைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவது, எச்சரிக்கை செய்யும் காவலாளியை வாயடைப்பதற்கு ஒப்பாகும்.

பின்பாரத்தின் அவசியம்

லோடர் தூக்கும் அளவையெல்லாம் டிராக்டர் தாங்கும் என்பதில்லை. முன் சக்கரங்களின் அச்சைத் துலாவின் தாங்குகாலாகக் கருதுக. துலாவின் ஒரு முனையில் நீர்ச்சால் தொங்க, மறுமுனையில் கல் கட்டப்பட்டிருக்கும். அக்கல்லின் வேலையைச் செய்வதே பின்பாரம்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீட்டர் தூரம் எனவும், முன் அச்சுக்கு முன்னால் 1.4 மீட்டர் தூரத்தில் 300 கிலோ பாரம் எனவும் கொள்வோம். அப்போது முன் அச்சின் மீது கூடுவது 300 கிலோ அன்று, 562 கிலோ! மீதி 262 கிலோ எங்கிருந்து வந்தது? பின் சக்கரங்களிலிருந்து பிடுங்கப்பட்டது. இப்பொழுது பின் அச்சுக்குப் பின்னால் 0.9 மீட்டர் தூரத்தில் 300 கிலோ பின்பாரத்தை மாட்டினால், பின் சக்கரங்களுக்கு 468 கிலோ கூடும். முன் அச்சுக்கு 168 கிலோ குறையும். பின் டயர்களில் நீர் நிரப்புவதும், சக்கரங்களில் இரும்பு வளையங்கள் பூட்டுவதும் நன்றே. ஆயினும் அவை பின்சக்கரங்களை அழுத்துமேயன்றி முன் அச்சின் பாரத்தைக் குறைக்கமாட்டா. அதனைச் செய்வது பின்னால் தொங்கும் பாரம் ஒன்றே.

பின் சக்கரங்கள் இலேசானால் நேரும் கேடு யாது? பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களிலேயே அமைந்துள்ளது. சரிவில் இறங்கும்போது அவை தரையை விட்டு எழும்பினால், பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் வண்டி நில்லாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியாயின், சரிவை அடையுமுன்பே அதனைப் பூட்டிவிட வேண்டும். அப்போது முன் சக்கரங்களும் வேகத்தைத் தடுக்க உதவும்.

பக்கவாட்டில் கவிழ்தல்

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் அசையுமாறு அமைந்தது. ஆகவே நான்கு சக்கரங்கள் இருப்பினும், தொடக்கத்தில் வண்டி முக்காலியைப் போன்றே நிற்கிறது. பக்கெட்டை உயர்த்திய நிலையில் திரும்பினாலோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, முக்காலி சாய்ந்துவிடும். கொட்ட வேண்டிய இடத்தை அடைந்த பின்னரே பாரத்தை உயர்த்துக. அதுவரை பக்கெட் தரையை உரசாத அளவுக்கு மேலிருந்தால் போதும்.

சரிவில் குறுக்கே செல்லாமல் நேராகவே ஏறி இறங்க வேண்டும். பாரம் எப்போதும் மேட்டுப்பக்கமே இருத்தல் வேண்டும். அதாவது ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் செலுத்த வேண்டும். வாய்க்கால் கரையிலோ குழியோரத்திலோ, பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விலகி நிற்க வேண்டும். ஒற்றைச் சுவர்க் கிணற்றின் மேட்டை அணுகாதிருத்தலே நலம்.

வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காப்பது இருக்கைக்குப் பின் நிற்கும் இரும்புச் சட்டம். புதிய டிராக்டர்களில் அது கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்று ஸ்வீடன் நாடு 1959லேயே விதித்தது. சட்டம் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டையை அவசியம் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஓட்டுபவர் வெளியே எறியப்பட்டு அச்சட்டத்தின் அடியிலேயே சிக்கக்கூடும்.

கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள்

உயர்த்திய பக்கெட்டின் கீழ் எவரும் நிற்கலாகாது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் பாரம் கணப்பொழுதில் விழும். தேங்காய் பறிக்கவும் விளக்கு மாட்டவும் ஆட்களைப் பக்கெட்டில் ஏற்றி உயர்த்துதல் கூடவே கூடாது. தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறதா என்று பார்த்த பின்னரே கைகளை உயர்த்த வேண்டும். குழாயில் எண்ணெய் கசிவதைக் கையால் தடவிப் பார்த்தல் ஆகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத்துண்டைப் பிடித்துப் பார்த்தலே முறை. எண்ணெய் உட்புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும், தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேலை முடிந்து இறங்குமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும்.

சங்கம் ஒன்று இத்தகைய யந்திரத்தைப் பொதுவில் வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுமாயின், பொறுப்பு இன்னும் பெரிது. கையேட்டிலுள்ள எடை வரம்பைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநரின் கண்ணில் படுமாறு ஒட்டுக. பின்பாரம் மாட்டாமல் லோடரை வெளியே அனுப்பாதிருக்குமாறு விதி செய்க. பயிற்சி பெற்றவரிடமன்றிச் சாவியைக் கொடாதிருக்க.

வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறதே, பக்கெட்டை இன்னும் சற்று நிரப்பினால் நான்கு நடை மிச்சமாகுமே என்று அவசரப்படுத்துபவர் பெரும்பாலும் யந்திரத்தின் மீது இருப்பதில்லை, வரப்பில் நிற்கிறார். இருக்கையில் அமர்ந்திருப்பவரோ நம் அங்கத்தினர் ஒருவரின் மகனாகவோ சகோதரனாகவோ இருப்பார். மிச்சப்படும் நான்கு நடை யாருடைய ஆபத்தில் மிச்சமாகிறது என்பதை வரப்பில் நிற்பவர் எண்ணிப் பார்ப்பாராக. பாரம் மிகுதி என்று ஓட்டுநர் சொன்னால், அச்சொல்லே அந்த வேலைக்கு முடிவாகட்டும்.