உப்பும் கழுத்தும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி பாக் நீரிணையைத் தொட்டு நிற்க, மேற்குப் பகுதியில், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளடங்கிய வறண்ட நிலத்தில் இலுப்பூர் அமைந்திருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையேறும் மீனில் அயோடின் என்னும் தனிமம் இயல்பாகவே இருக்கிறது; இலுப்பூர்ப் பக்கத்து நிலக்கடலையிலும் தானியத்திலுமோ, அவை விளைந்த மண் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவே இருக்கும். ஒரே மாவட்டத்துக்குள் காணப்படும் இந்த வேற்றுமை, கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்கு மிகவும் முக்கியமானது.

நாளமில்லாச் சுரப்பிகள், அதாவது தாம் உண்டாக்கும் ஹார்மோனைக் குழாய் வழியாக அனுப்பாமல் நேரே இரத்தத்தில் கலக்கும் சுரப்பிகள், பெரும்பாலும் புரதத்திலிருந்தோ கொழுப்பிலிருந்தோ தங்கள் சரக்கைத் தயாரித்துக்கொள்கின்றன. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில், ஏறத்தாழ 20 கிராம் எடையில் ஒட்டியிருக்கும் தைராய்டு மட்டும், உடலால் உண்டாக்க முடியாத அயோடினுக்காக வெளியுலகை எதிர்பார்த்திருக்கிறது. அதன் முதன்மை ஹார்மோனான தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுத் தேவையையும் ஒன்றாகத் திரட்டினால் 4 கிராமைத் தாண்டாது. ஆயினும் அதை ஒரே நாளில் உண்டு முடித்துவிட முடியாது. குதிரில் நெல்லைச் சேர்ப்பதுபோல் இச்சுரப்பி சில மாதங்களுக்கான ஹார்மோனைத் தனக்குள் சேமித்து வைத்திருந்தாலும், வரத்து நின்றால் குதிரும் காலியாகும்.

தைராக்சின் உடலின் எரிபொருள் செலவை, அதாவது இதயத் துடிப்பின் வேகம், உடல் வெப்பம், குடலின் இயக்கம் ஆகியவற்றை நிர்ணயிக்கிறது. அதன் அளவையோ மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இடைவிடாமல் கண்காணிக்கிறது. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. தைராக்சின் உயர்ந்தால் அதைக் குறைத்துக்கொள்கிறது. விளைவே தன் காரணத்தை அடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். அயோடின் கிடைக்காதபோது இதே ஏற்பாடு சிக்கலாகிறது: பிட்யூட்டரி கட்டளையை ஓயாமல் அனுப்ப, மூலப்பொருள் இல்லாத தைராய்டு தன் செல்களைப் பெருக்கி, கிடைக்கும் துளி அயோடினையும் பிடித்துக்கொள்ள முயல, கழுத்து வீங்குகிறது. முன்கழுத்துக் கழலை எனப்படுவது இந்த வீக்கமே. கழலை கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிடப் பெரிய இழப்பு தெரிவதில்லை. கருவின் தைராய்டு இயங்கத் தொடங்கும்வரை அதன் மூளை தாயின் தைராக்சினை நம்பியே வளர்வதால், கருவுற்ற பெண்ணின் அயோடின் குறைவு குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிறது. தைராய்டு குறைபாடு அனைத்துக்கும் அயோடினே காரணம் என்று கொள்ளலாகாது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. (‘தைராய்டு இருக்கிறது’ என்று நோயின் பெயராகவே சொல்லும் வழக்கம் விந்தையானது, அது இல்லாதவர் எவர்?)

எல்லோரும் அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணும் பொருள் உப்பு என்பதால், அதில் அயோடினைச் சேர்ப்பதே உலகெங்கும் கண்ட வழி. சுவிட்சர்லாந்து 1922இல் தொடங்கியது. இந்தியாவில் இதை நிறுவிக் காட்டியது, மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு. அவர்கள் பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றுக்கு வெறும் உப்பையும் கொடுக்க, முதலிரண்டு பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசிய அளவில் திட்டம் பிறந்தது. அயோடின் கலக்காத உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்கென விற்பது 2006 மே மாதம் முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

நெய்தல் நிலத்து உப்பை, உப்பு வணிகரான உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற செய்தியைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. இன்றும் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களால் தமிழ்நாடு உப்பு விளைச்சலில் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் 2018-19இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடாக, மாநிலங்களிலேயே மிகக் குறைவாக இருந்தன. உப்பு அருகிலேயே மலிவாகக் கிடைப்பதே இங்கு தடையாகிவிட்டது எனலாம். உப்பளத்திலிருந்து மூட்டையில் வரும் கல்லுப்பு, ஆலையையும் அயோடின் தெளிப்பையும் காணாமலே கடைக்கு வந்துவிட முடிகிறது. கடலில் விளைந்த உப்பில் அயோடின் இல்லாமலா போகும் என்ற எண்ணமும் அதற்குத் துணை நிற்கிறது. கடல்நீரிலேயே லிட்டருக்கு 50 அல்லது 60 மைக்ரோகிராம் அளவில்தான் அயோடின் உண்டு. பாத்தியில் உப்பு படியும்போது அதிலும் மிகச் சொற்பமே உப்போடு தங்குகிறது.

சட்டப்படி நுகர்வோர் கையில் சேரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அதாவது 10 கிராம் உப்பில் ஒரு நாளைய 150 மைக்ரோகிராம். கல்லுப்பானாலும் தூளுப்பானாலும் அயோடின் தெளித்ததா என்பதே கேள்வி. ஈரம் பட்டாலும் திறந்து வைத்தாலும் அயோடின் குறையும் என்பதால், இலுப்பூர்ச் சமையற்கட்டின் ஜாடிக்கு மூடி அவசியம். சிரிக்கும் சூரியனின் படம் அச்சிட்ட பொட்டலம் அயோடின் கலந்தது என்பதற்கு அடையாளம். மூட்டையிலிருந்து படியால் அளந்து போடும் உப்புக்கு அப்படி ஒரு படம் இல்லை.