மீன்தொட்டியில் சிவப்புப் போர்வை

கடல் மீன்களையும் உயிருள்ள முருகைகளையும் உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்போர் அதிகம் சலித்துக்கொள்வது பாசியைப் பற்றித்தான். இன்று சுரண்டினால் அடுத்த வாரம் திரும்பவும் வந்துவிடும். வராமல் என்ன செய்யும்? பாசியை எடுக்கிறோமே தவிர, அதன் சாப்பாட்டை எடுப்பதில்லை.

மீன் தின்ற உணவும் தின்னாமல் விட்ட உணவும் கடைசியில் நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் தொட்டி நீரில் சேர்கின்றன. வயலுக்கு இடும் உரமும் இவைதாம். சில இடங்களில் நாம் ஊற்றும் தண்ணீரிலேயே அந்த உரம் இருக்கும். கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் விவசாயப் பசளையின் நைத்திரேற்று கிணறுகளில் கலந்திருப்பது தெரிந்த விடயம். ஆகவே உப்புக் கரைக்க ஆர்.ஓ. முறையில் வடித்த நீரே நல்லது.

புதுத் தொட்டியில் கபில நிறத்தூள் போலப் படிவது டயாட்டம். சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். பச்சை மயிர்ப்பாசியைக் கையால் பிடுங்கிவிட்டு, மேயும் நத்தைகளை விடலாம். மேய்வோரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1983, 1984 ஆம் ஆண்டுகளில் கரீபியன் கடலில் பாசி தின்னும் நீண்ட முட்களுடைய கடல் முள்ளெலிகள் நோயால் கூட்டமாக மடிந்தன. அதன் பின் ஜமெய்க்காவின் முருகைப் பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது.

மணல்மேல் கருஞ்சிவப்பாக, வழுவழுவென்று விரிப்புப் போல் படர்வது வேறு சாதி. அது அல்காவே அல்ல. கலத்தில் கரு இல்லாத சயனோபற்றீரியா. அதில் முத்து முத்தாக நிற்கும் குமிழிகள் ஒட்சிசன். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வளியில் ஒட்சிசன் சேரக் காரணமானதும் இந்தக் கூட்டம்தான்! இவற்றில் சில இனங்கள் நைதரசன் வாயுவையே பதித்து உணவாக்கும். எனவே நைத்திரேற்றைப் பூச்சியமாக்கிப் பொசுபேற்றை விட்டுவைத்தால், பட்டினி கிடப்பது அதன் போட்டியாளர்கள்தாம். முருகையின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் அல்காக்களுக்கும் இரண்டும் சிறிதளவு வேண்டும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும், அடியோடு இல்லாமற் செய்யக் கூடாது.

இந்தப் போர்வையை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே வேளையில் பத்தில் ஒரு பங்கு நீரையும் மாற்றலாம். அது நீரோட்டம் குறைந்த மூலையில் படர்ந்திருந்தால் பம்பியின் வாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். உறைந்த உணவை அலசி, மீன்கள் உடனே தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். மிஞ்சிப்போனால் மூன்று நாள் விளக்கை அணைத்து வைக்கலாம். அப்போது காற்றுக் குமிழி கட்டாயம், ஏனெனில் செத்துப்போவது அழுகும்போது ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும்.

எரித்ரோமைசின் போட்டால் இரண்டொரு நாளில் போய்விடும் என்பார்கள். போகத்தான் செய்யும். ஆனால் மீனின் கழிவு அமோனியாவை மாற்றித்தரும் நல்ல பற்றீரியாக்களுக்கும் அதனால் ஆபத்து வரலாம். அமோனியா ஏறினால் முதலில் சாவது மீன். மேலும், அது மனிதருக்குக் கொடுக்கும் மருந்து. தொட்டி நீரோடு வடிகானுக்குப் போனால், அங்குள்ள கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும்.

மருந்தில்லாத வழியில் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். அதுவரை வாரமொருமுறை நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். கண்ணாடியில் மாற்றம் தெரியுமுன் கொப்பியில் தெரியும்.