ஓடைக் கற்களின் அடியில் வாழும் ஒருநாட்பூச்சிக் குஞ்சுகள்

மழை ஓய்ந்து ஜலம் தெளிந்தபின், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஓடையொன்றில் இறங்கி, நீர் சலசலத்தோடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, சிறிய தட்டையான பூச்சிகள் அதன் மறுபுறத்திற்கு விரைந்தோடி ஒளிவது புலப்படும். வாலில் மூன்று மெல்லிய இழைகள் இருக்கும். சில வகைகளுக்கு இரண்டே. இவை ஒருநாட்பூச்சியின் குஞ்சுகளாம். இரவில் விளக்கை நாடிவந்து விடியலில் மடிந்து கிடக்கும் தாய்ப்பூச்சியைப் பலர் ஈசலென்று எண்ணுகின்றனர். ஈசல் கறையானினத்தது, இது வேறு.

வளர்ந்த பூச்சி இரையெடுப்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, இணைகூடி, முட்டையிட்டு மாளும். ஆதலின் அதன் ஆயுள் பெரும்பாலும் ஜலத்தினுள்ளேயே கழிகிறது. குஞ்சு பன்முறை சட்டையுரித்து வளர்ந்து, இறுதியில் மேலே வந்து சிறகு பெறும். அதன்பின்னும் ஒருமுறை சட்டையுரிக்கும். பூச்சியினங்களுள் வேறெதற்கும் இவ்வழக்கம் இல்லை.

கற்களின்மேற் படரும் பாசியைச் சுரண்டியும், மக்கிய இலைத்துகளைப் பொறுக்கியும் இவை உண்ணும். இவற்றை மீன்களும் தட்டானின் குஞ்சுகளும் உண்ணும். வயிற்றின் இருபுறமும் உள்ள இலைபோன்ற செவுள்களால், ஜலத்திற் கரைந்த பிராணவாயுவை ஏற்கின்றன. ஆகையால் கரைமண் சரிந்து, வண்டல் கல்லிடுக்குகளை அடைத்துவிடின், பல வகைகளுக்கு அங்கே வாழ்வில்லை.

வண்டலினும் கொடியது பூச்சிமருந்து. சைபர்மெத்ரின், இமிடாக்ளோபிரிட் போன்றவை மிகச் சொற்ப அளவிலேயே இவற்றை மாய்க்கும். ஒரு காய்கறித் தோட்டத்தில் மருந்தடித்த ஆட்கள் தெளிப்பானை ஓடையிற் கழுவியதை அடியேன் கண்டேன். மறுநாள் அவ்விடத்திற்குக் கீழே பத்துக் கற்களைப் புரட்டியும் ஒரு குஞ்சேனும் அகப்படவில்லை; மேலேயோ கல்லுக்கு நாலைந்து இருந்தன. தோட்டக்காரர் அதைக் கண்ணாற் கண்ட பின்னரே அடியேன் சொல்லை ஏற்றார்.

தெளிப்பானைக் கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுக. ஓடையிலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது. கரையோரத்துப் புல்லையும் மரங்களையும் வெட்டாதுவிடின் மண்சரிவு குறையும். கிராம அதிகாரிகள் ஐயம் நேருமிடத்து மேலும் கீழுமாகக் கற்களைப் புரட்டி ஒப்பிடலாம். வெள்ளம் வடிந்த உடனே பார்ப்பது பயனில்லை. நல்ல ஓடையிலும் அப்போது குஞ்சுகள் அரியவே. குஞ்சுகள் நிறைந்திருப்பினும் நோய்க்கிருமி இல்லையென்று கொள்ளற்க. குடிநீரைக் காய்ச்சியே பருக வேண்டும்.