குருத்தணு மாற்று மையங்களில் தரச்சான்றைப் பேணலும் புதுப்பித்தலும்

திறவுச்சொற்கள்: குருத்தணு மாற்று, தரச்சான்று, ஜேசி, அகத்தணிக்கை, விலகல் பதிவு

முன்னுரை

தமிழில் 'அங்கீகாரம்' என்னும் ஒரே சொல் அரசு வழங்கும் உரிமத்தையும் தொழில்சார் அமைப்பு வழங்கும் தரச்சான்றையும் குறித்து வருகிறது. மாற்று மருத்துவத்தில் இவ்விரண்டும் வேறானவை. உரிமம் சிகிச்சை தொடங்குவதற்கான சட்ட அனுமதி; தரச்சான்று, அச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சக வல்லுநர்கள் சோதித்துத் தரும் சான்று. அதனை முதன்முறை பெறுவதைக் காட்டிலும் புதுப்பிப்பதே ஒரு மையத்தின் உண்மை நிலையை வெளிப்படுத்தும் என்பதை ஐரோப்பாவின் ஜேசி தரச்சான்று முறையின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஜேசி முறை

எலும்பு மஜ்ஜையிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ பெறப்படும் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) நோயாளிக்குச் செலுத்துவதற்கு முன், கடுமையான மருந்துகளால் அவருடைய சொந்த மஜ்ஜை பல நேரங்களில் முற்றிலும் அழிக்கப்படுகிறது. அதன்பின் உயிரணுப் பை சிதைந்தாலோ மாறிப்போனாலோ திரும்பிச் செல்ல வழியில்லை. சிறு நடைமுறைப் பிழையும் இங்கே உயிரிழப்பாகலாம்.

ஐரோப்பிய இரத்த, மஜ்ஜை மாற்றுச் சங்கமும் பன்னாட்டு உயிரணு சிகிச்சைச் சங்கமும் இணைந்து 1998இல் ஜேசியைத் தோற்றுவித்தன. அமெரிக்காவின் ஃபேக்ட் அமைப்புடன் பொதுவான தரவிதிகளை இது பின்பற்றுகிறது. பிற மையங்களில் பணிபுரியும் வல்லுநர்களே ஆய்வாளர்களாக வருகின்றனர். சான்று நான்கு ஆண்டுகள் செல்லும். தரவிதி நூலோ ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. எனவே புதுப்பிக்க வரும் மையம், முன்பு தான் தேர்ந்த அதே விதிகளால் அளக்கப்படுவதில்லை.

இடைப்பட்ட காலம்

முதல் ஆய்வின்போது ஆவணங்கள் பெரும்பாலும் புதியவை; அவற்றை எழுதியவர்களும் அருகிலேயே இருப்பர். நான்காண்டுகளில் செவிலியர் மாறுவர், மருந்துத் திட்டங்கள் மாறும், ஆவணம் மட்டும் மாறாதிருக்கும். இதனைத் தடுக்கவே செயல்முறை ஆவணங்களை ஈராண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்தல், கொடையாளர் பரிசோதனையையும் மருந்தளவுச் சரிபார்ப்பையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்தல் முதலியன விதிக்கப்பட்டுள்ளன. முப்பதாம் நாள், நூறாம் நாள், ஓராண்டு ஆகிய கட்டங்களில் இறப்பு விவரங்களும் ஆராயப்பட வேண்டும்.

புதுப்பித்தலில் மிகுதியாகப் பேசும் ஆவணம் விலகல் பதிவேடுதான். உயிரணுப் பையைச் செலுத்துமுன் இருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டிய படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டதாகக் கொள்வோம். அதனைப் பதிவுசெய்வதும் காரணம் கண்டறிவதும் பணியாளருக்குப் பயிற்சி அளிப்பதும் பல இடங்களில் நடைபெறக்கூடும். அப்பயிற்சிக்குப் பின் படிவங்கள் உண்மையில் நிறைவாக உள்ளனவா என மீண்டும் எண்ணிப் பார்க்கும் இறுதிப் படியே எளிதில் விடுபடுகிறது. ஓராண்டு முழுவதும் ஒரு விலகலும் பதிவாகாத ஏட்டைப் பாராட்டுவதைவிட ஐயுறுவதே தகும். பிழை நேராத மையம் அன்று, பிழையைச் சொல்ல அஞ்சும் மையம் அது.

விளைவும் வரம்பும்

கிராட்வோல் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, 1999 முதல் 2006 வரை சிகிச்சை பெற்ற 1,07,904 நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தது. பிறர் கொடையாகத் தந்த குருத்தணுக்களைப் பெற்றோரிடையே, மையம் தரச்சான்றுப் பாதையில் முன்னேற முன்னேற உயிர்வாழ்வு விகிதமும் கூடியிருந்தது. எனினும் இது நோக்காய்வே. சான்றுக்கு விண்ணப்பிக்கும் முனைப்புடைய மையங்கள் முன்னரே சிறந்தவையாக இருந்திருக்கலாம் என்னும் மறுப்பை முழுமையாக நீக்கிவிட இயலாது.

ஓராண்டு உயிர்வாழ்வைப் பிற மையங்களின் தரவுகளுடன் ஒப்பிடுதலும் இன்று தரவிதிகளில் இடம்பெற்றுள்ளது. எதிர்பார்க்கும் அளவிற்குக் கீழே இறங்கும் மையம் திருத்தத் திட்டம் அளிக்க வேண்டும். இவ்விதி நியாயமானதே, ஆயினும் நோயின் கடுமை, வயது, இணைநோய்கள் ஆகியவற்றுக்கேற்ப ஒப்பீடு சரிசெய்யப்படாவிடின், இடர் மிகுந்த நோயாளியை ஏற்க மறுக்கும் மையம் மேலானதாகத் தோன்றும். அச்சரிசெய்தலும் மையங்கள் தாமே அனுப்பும் தரவுகளையே சார்ந்துள்ளது. ஆகவே அத்தரவுகளின் துல்லியம் குறித்த ஆண்டுத் தணிக்கையையே புதுப்பித்தலில் ஆய்வாளர்கள் முதலில் கேட்டுப் பெற வேண்டும்.