ஹீமோகுளோபின் நார்மல்... ஆனாலும் தீராத சோர்வு! ஃபெரிட்டின் அளவைக் கவனித்தீர்களா?

நன்றாகத் தூங்கியும் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 12.3. ‘நார்மல்தானே, வேலை டென்ஷனா இருக்கும்’ என்று பல பெண்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால், உடலில் இரும்புச்சத்து குறையும்போது கடைசியாக இறங்குவதுதான் ஹீமோகுளோபின். முதலில் இறங்குவது ஃபெரிட்டின்.

ஃபெரிட்டின் என்றால் என்ன?

நம் உடலில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதியை கல்லீரல் போன்ற இடங்களில் சேமித்து வைக்கும் புரதம்தான் ஃபெரிட்டின். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனாலோ, சாப்பாட்டில் இரும்புச்சத்து போதவில்லை என்றாலோ, உடல் முதலில் இந்தச் சேமிப்பில்தான் கை வைக்கும். அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் குறையும்.

எவ்வளவு இருந்தால் குறைவு?

பெரியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழ் போனால் இரும்புச்சத்துக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரு சிக்கல், காய்ச்சல், தொற்று, அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அப்போது 70-க்குக் கீழ் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

ரத்தசோகை இல்லாமலே சோர்வு வருமா?

வரும். பிரான்சில் ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 50-க்குக் கீழ் இருந்த 198 பெண்களிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. 12 வாரம் இரும்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு சோர்வு சுமார் 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்தது. அதாவது, எல்லாச் சோர்வுக்கும் இரும்பு மட்டுமே காரணம் இல்லை.

இந்தியாவில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. இது ஹீமோகுளோபினை மட்டும் அளந்த கணக்கு. சேமிப்பு மட்டும் காலியானவர்கள் இதில் வரவே மாட்டார்கள்.

மாத்திரையை தினமும் எடுக்கணுமா?

இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது மறுநாள் வரை குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கும். சூரிச் ஆய்வாளர்களின் 2017 ஆய்வில், தினமும் எடுத்த பெண்களின் உடல் மாத்திரையிலிருந்த இரும்பில் சுமார் 16 சதவீதத்தை உறிஞ்சியது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களுக்கு இது 22 சதவீதம். எந்த முறை உங்களுக்குச் சரி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

* சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். இரும்பு உறிஞ்சப்படுவதை அவை தடுக்கும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா உதவும்.
* நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தலசீமியா போன்ற பிரச்சினை இருந்தால் இரும்பு உடலில் தேங்கி ஆபத்தாகலாம்.
* ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் குறைந்தால், வயிறு அல்லது குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வாரக்கணக்கில் சோர்வு விடவில்லையா? அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டினையும் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.