கொடியும் கொழுகொம்பும்

களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களைக் கண்டவர் ஓர் உண்மையை அறிவர். வெற்றிலைக் கொடி தானே நிமிர்ந்து நிற்பதன்று. பற்றி ஏறக் கொம்பும், மேலே நிழலும், அடியில் ஈரமும் அதற்கு வேண்டும். கொடியை நறுக்கி வேறொரு தோட்டத்தில் நடும்பொழுது, கொடி நம்முடையதாயினும் கொம்பும் நிழலும் நம்முடையன ஆகா. கணினி உலகிலும் இத்தகைய நடுகை ஒன்று உண்டு. ஓர் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட பெருமென்பொருளை மற்றோர் இயங்குதளத்துக்குப் பெயர்த்தலே அது.

சொற்பொருளை முதலில் தெளிவோம். 1936 ஆம் ஆண்டிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள், நமக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்தவர். அவர் பிறந்த மண்ணில் கலைச்சொல்லைத் தெளியாது மேற்செல்லுதல் தகாது. பொறிக்கும் மென்பொருளுக்கும் இடைநின்று இரண்டையும் இணைப்பது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. பலரும் எடுத்தாளுமாறு முன்னரே ஆக்கி வைத்த நிரற்றொகுதி, நிரல்நூலகம். இதனைப் புத்தகசாலை என மயங்கற்க. எனினும், இங்கும் இரவலுக்கு விதிகள் உண்டு. அவ்விதிகளே உரிமம் எனப்படும்.

1985 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் மார்க்கோ போரிஸ் என்னும் பள்ளிப்பருவ இளைஞர் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குத் தோன்றிய சொற்செயலி வளர்ந்து ஸ்டார் ஒபிஸ் என்னும் பெருமென்பொருளாயிற்று. பல தளங்களிலும் அதனை இயக்க விரும்பிய ஆக்கியோர், சாளரம் வரைதல், எழுத்தைக் காட்டல் முதலிய தளஞ்சார்ந்த வேலைகளைத் தனியொரு நூலகத்துள் அடக்கினர். தளம் மாறின் அப்பகுதியை மாற்றினாற் பெரும்பாலும் போதும். எஞ்சியது அவ்வாறே நிற்கும். ஆயினும் சிறு வேற்றுமைகளும் இடர் விளைப்பன. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் பொதுவாக ஒன்றெனக் கொள்ளும். லினக்ஸ் வேறெனக் கொள்ளும். இவ்வொன்றே பெயர்ப்போரைப் பலநாள் அலைக்கழிக்கப் போதுமானது.

1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இம்மென்பொருளை வாங்கிற்று. 2000 ஒக்டோபர் 13 அன்று மூலநிரல் ஓப்பன் ஒபிஸ் என்னும் பெயரால் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. உரிமச் சிக்கல் அப்பொழுது வெளிப்பட்டது. சொற்பிழை திருத்தி, தரவுத்தளம் போன்ற சில பகுதிகள் பிறரிடம் உரிமம் பெற்றுச் சேர்த்தவை. அவற்றை விற்கும் உரிமை சன்னுக்கு இருந்தது. எல்லோர்க்கும் திறந்து வழங்கும் உரிமை இல்லை. ஆகவே அவை நீங்கியே மூலநிரல் வெளிவந்தது. வெறுமையான இடத்தை நிரப்ப மைஸ்பெல் தோன்றிற்று. பின்னர் ஹங்கேரிய மொழியைக் கருதி லாஸ்லோ நேமெத் ஹன்ஸ்பெல்லை ஆக்கினார். விகுதிகள் ஒட்டி வளரும் சொற்களுக்கென அமைந்தமையால் அது தமிழின் இயல்புக்கும் பொருந்துவதாயிற்று. இழப்பே வரவாயிற்று அன்றோ!

உரிமங்கள் ஒருபடித்தானவை அல்ல. எம்.ஐ.டி. உரிமம், பதிப்புரிமை அறிவித்தலைக் காத்தாற் போதும் என்னும். ஜி.பி.எல்., தன்னோடு சேர்த்து வழங்கும் முழுமென்பொருளும் அதே விதியின்கீழ்த் திறக்கப்பட வேண்டும் என்னும். எல்.ஜி.பி.எல். இடைப்பட்டது, நூலகத்திற் செய்த மாற்றத்தைத் திறந்து வைக்க வேண்டும், அதனைப் பயன்படுத்தும் மென்பொருள் மூடியதாகவும் இருக்கலாம். விலைக்குப் பெறும் நூலகங்களிலோ ஒரு தளத்துக்கு வாங்கிய உரிமம் மறுதளத்திற் செல்லாது போதலும் உண்டு. 2010 இல் லிப்ரே ஒபிஸ் தனிவழி பிரிந்தது. மறு ஆண்டில் ஓப்பன் ஒபிஸ் அப்பாச்சி அமைப்பைச் சேர்ந்தது. அப்பாச்சியின் நிரலை லிப்ரே ஒபிஸ் எடுத்தாளலாம். மறுதலையாக எடுக்க உரிமம் இடந்தராது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே உரிமம் ஒருவழி மதகாய் நிற்கின்றது.

தமிழரை நேரே தொடுவதும் ஒன்றுண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி, ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னுமாகச் சேமிக்கின்றது. திரையிலோ ககரத்தின் இருபுறமும் அக்குறி பிரிந்து நிற்றல் வேண்டும். முன்னர் இவ்வேலையைத் தளந்தோறும் வெவ்வேறு நூலகங்கள் செய்தமையால், ஒரே கட்டுரை இடத்துக்கிடம் வேறுவேறாக வரிமுறிந்தது. 2017 இல் வந்த 5.3 ஆம் பதிப்பில் லிப்ரே ஒபிஸ், ஹார்ப்பஸ் நூலகத்தை எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக ஏற்றது. அதன் உரிமம் எளியது. ஆதலின் உரிமத்தால் தடை எழவில்லை.

நம் பாடசாலைகளுக்கு இதனால் ஆவதென்ன? 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திற்று. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அவற்றை லினக்ஸுக்கு மாற்ற எண்ணும் ஆசிரியர் முதலில் ஒரு பட்டியல் எழுதுக: எம்மென்பொருள், எந்நூலகம், எவ்வெழுத்துரு, எவ்வுரிமம், இல்லையேல் மாற்று யாது? பாமினி எழுத்துருவில் எழுதிய மாணவர் மலர், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாய்த் தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே இடம் பெயர்த்தல் நன்று.

கொடியை நறுக்குமுன் கொம்பு யாருடையது எனக் கேட்டறிதல் தோட்டக்காரன் அறிவு. பிள்ளைகளின் எழுத்து வாடாதிருக்க அவ்வறிவு நமக்கும் வேண்டும்.