மீட்டர் கேஜில் ஓடிய மின்சார ரயில்

சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் 2004 வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் ஓடின. சேவையைத் தொடங்கியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது என்றாலும் அது அகலப் பாதை. சென்னை ரயிலுக்கு நெருங்கிய உறவு ஜப்பானில்தான் இருந்தது. டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து ஒடவாராவுக்கு 1927-ல் திறக்கப்பட்ட ஒடாக்கியூ என்ற தனியார் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். சென்னையில் 1,000. இரண்டிலும் மேலே ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம்.

இவ்வகை ரயிலுக்குத் தனி எஞ்சின் கிடையாது. சில பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் இருக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. நீராவி ரயில் கடைசி நிலையத்தை அடைந்தால் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். இங்கே ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோனால் போதும். பல சக்கரங்கள் சேர்ந்து உந்துவதால் ரயில் சட்டென்று வேகம் பிடிக்கும். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும் பாதையில் நேரம் மிச்சமாவது இதனால்தான்.

குறைந்த அழுத்த நேர்மின்சாரத்துக்குத் துணைமின் நிலையங்கள் நெருக்கமாக வேண்டும். 1960-களில் தாம்பரம்–விழுப்புரம் பாதைக்கு 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. அங்கே ஓடிய எஞ்சின்களை மிட்சுபிஷி ஜப்பானில் செய்து அனுப்பியது. 1967-ல் நகரப் பகுதியும் மாறுமின்சாரத்துக்கு மாறியது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். செய்த புதிய பெட்டிகள் மின்மாற்றியையும் சுமந்துகொண்டு ஓடின.

பாதை குறுகலானதால்தான் இந்த ரயில் போயிற்று என்பார்கள். அது பாதி உண்மைதான். ஒடாக்கியூ இன்றும் அதே 1,067 மில்லிமீட்டரில் பத்துப் பெட்டி ரயில்களை நிரப்பி ஓட்டுகிறது. இங்கே 1992-க்குப் பின் நாடெங்கும் ஒரே அகலம் என்று முடிவானது. சுற்றிலும் எல்லாம் மாறும்போது ஒரு பாதைக்கு மட்டும் தனிப் பெட்டி, தனிப் பணிமனை வைத்திருக்க முடியாது. மின்சாரமே இல்லாத பாதைகளுக்கும் இதே கதிதான். சேலம்–விருத்தாசலம் பாதையும் மீட்டர் கேஜாகத்தான் இருந்தது. மின்கம்பியைப் பார்க்காமலே அது அகலப் பாதையானது, கம்பி பிறகுதான் வந்தது. சென்னையில் அகல ரயில்கள் பக்கத்துத் தடத்தில் ஓடத் தொடங்கிய பின்னும் சில காலம் தாக்குப்பிடித்த மீட்டர் கேஜ் மின்சார ரயில், 2004 ஜூலை 1-ம் தேதியோடு நிறுத்தப்பட்டது.